வேர்க்கட்டையில் பிறந்த பிள்ளை: வாசகர் கேள்வி – பதில்

செக் நாட்டு இயக்குநர் யான் ஷ்வான்க்மாயர் 2000ஆம் ஆண்டில் எடுத்த ‘ஒட்டெசானெக்’ படத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டுப் படத்தைத் தேடிப் பார்த்த வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். எல்லாக் கடிதங்களும் மனித நடிகர்களும் பொம்மைகளும் சேர்ந்து நடிக்கும் படங்களைச் சுற்றியே அமைந்திருப்பதால், ஒரு கேள்விக்கான பதிலின் மிச்சம் வேறொரு கேள்வியின் கீழ் வரக்கூடும்.

கேள்வி: ‘ஒட்டெசானெக்’ ஒரு தேவதைக் கதைப் படம் என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் தேவதையும் இல்லை, இளவரசனும் இல்லை. ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடமும், குழந்தையில்லாத தம்பதியும், ஆளையே விழுங்கும் ஒரு மரக்கட்டையும்தான் இருக்கின்றன. இது உண்மையிலேயே நாட்டுப்புறக் கதையா, இயக்குநரின் கற்பனையா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: செக் குழந்தைகள் அனைவரும் அறிந்த நாட்டுப்புறக் கதைதான் இது. அதைப் பதிப்பித்தவர் காரெல் யாரோமீர் எர்பென் (1811–1870). பிராக் நகரத்தின் ஆவணக் காப்பாளராகப் பணியாற்றிக்கொண்டே தம் மக்களின் பாடல்களையும் கதைகளையும் சேகரித்தவர் அவர்.

காட்டின் ஓரத்தில் ஓர் ஏழைத் தம்பதி வசிக்கிறார்கள். உண்பதற்கே இல்லாத நிலையிலும் தங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறார்கள். ஒரு நாள் கணவன் காட்டில் ஒரு வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்கிறான். தலை, கை, கால் எல்லாம் ஏறக்குறைய அமைந்திருக்கின்றன. கொஞ்சம் செதுக்கினால் பிள்ளை போலவே இருக்கும். மனைவி அதைத் துணியில் சுற்றித் தாலாட்டுப் பாடுகிறாள். கட்டை கண் விழித்து, ‘அம்மா, பசிக்கிறது’ என்கிறது. அவள் காய்ச்சிய கஞ்சியைத் தின்கிறது, பாலைக் குடிக்கிறது, முழு ரொட்டியை விழுங்குகிறது. அதற்குப் பிறகு தாயையும் தந்தையையும் விழுங்கிவிட்டுத் தெருவில் இறங்குகிறது. தள்ளுவண்டியில் தீவனம் கொண்டுபோகும் பெண், வைக்கோல் வண்டிக்காரன், பன்றி மேய்ப்பவன், ஆட்டு இடையன் என்று எதிரே வந்தவர்கள் அத்தனை பேரையும், அவர்களுடைய உடைமைகளோடும் கால்நடைகளோடும் விழுங்குகிறது. ஒவ்வொருவரிடமும் தான் இதுவரை தின்றவற்றின் பட்டியலை முழுவதுமாக ஒப்பித்து, ‘உன்னையும் தின்பேன்’ என்று முடிக்கிறது. கதை கேட்கும் குழந்தைகள் அந்தப் பட்டியலைச் சேர்ந்து சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் அது ஓர் உருப்படி நீளும். கடைசியில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழவி தன் களைக்கொத்தினால் அதன் வயிற்றைப் பிளக்கிறாள். உள்ளே போனவர்கள் எல்லாரும் உயிரோடு வெளியே வருகிறார்கள். ‘நமக்கு ஒரு பிள்ளை இருந்தால்’ என்ற பேச்சை அந்தத் தம்பதி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஷ்வான்க்மாயர் இந்தக் கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதை இன்றைய நகர வாழ்க்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். காரெல் ஹோராக், பொஷெனா என்ற தம்பதிக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிடுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில், மருத்துவமனைச் சன்னல் வழியே காரெல் தெருவைப் பார்க்கிறான். மீன்காரர் தொட்டியில் வலையை விட்டுக் கைக்குழந்தைகளை அள்ளி, தராசில் நிறுத்து, செய்தித்தாளில் சுற்றி, வரிசையில் நிற்கும் பெண்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு காட்சியில் கணவனின் மனநிலை, ஊரின் மனநிலை, படத்தின் நடை மூன்றும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

நாட்டுப்புறக் கதைக்கும் படத்துக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. கதையில் தாலாட்டுப் பாடியவுடன் கட்டைக்கு உயிர் வந்துவிடுகிறது. எப்படி என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் அப்படி இல்லை. மனைவியைச் சற்றே சிரிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தில் காரெல் தோட்டத்தில் தோண்டிய வேர்க்கட்டையைச் செதுக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறான். பொஷெனா அதை வாங்கிய கணமே தாயாகிவிடுகிறாள். துணி சுற்றுகிறாள், பவுடர் போடுகிறாள், மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தார் நம்புவதற்காக, மாதத்துக்கு மாதம் பெரிதாகும் ஒன்பது தலையணைகளைத் தைத்து வயிற்றில் கட்டிக்கொள்கிறாள். இத்தனையும் நடக்கும்போது கட்டை கட்டையாகவே கிடக்கிறது. பிரசவம் ஆனதாக ஊருக்குச் சொல்லப்பட்ட பிறகுதான் அது அசைகிறது. பொம்மையை அசைக்கும் கலைஞர் அதற்கு உயிர் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் பெண்ணாக நடிக்கும் வெரோனிகா ஷில்கோவா தம் பார்வையாலும் கைகளாலும் அதற்கு உயிர் கொடுத்து முடித்துவிடுகிறார். இந்த வகைப் படங்களின் அடித்தளமே இதுதான் என்று நான் கருதுகிறேன். பொம்மையோடு நடிக்கும் மனிதர் நம்பாவிட்டால், பொம்மை எவ்வளவு நேர்த்தியாக அசைந்தாலும் பார்ப்பவர் நம்ப மாட்டார்.

கேள்வி: கட்டைக் குழந்தை அசையும் காட்சிகளை எப்படி எடுத்தார்கள்? கணினி வரைகலை பயன்பட்டதா? இவ்வளவு வளர்ந்த காலத்திலும் அது அப்பட்டமான மரமாகத் தெரிகிறதே, அது குறையில்லையா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: அந்தக் கட்டையின் உயிர் ‘ஸ்டாப் மோஷன்’ என்ற பழைய முறையில் வந்தது. பொம்மையை ஒரு நிலையில் வைத்துப் படம் எடுத்து, இம்மியளவு நகர்த்தி, மறுபடி எடுத்து, மறுபடி நகர்த்துவதுதான் அந்த முறை. திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால், விநாடிக்குப் பன்னிரண்டு அசைவுகள் தேவைப்படும். கட்டையின் விரல்போன்ற சுள்ளிகள் ஒரு நிமிடம் நெளிய வேண்டுமென்றால், எழுநூற்றுக்கும் மேற்பட்ட தடவைகள் அவற்றைக் கையால் தொட்டு நகர்த்தியாக வேண்டும். ஷ்வான்க்மாயரின் படங்களில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தவர் பெட்ரிக் கிளாசர். தயாரிப்பாளர் யாரோமீர் கல்லிஸ்டாவுடன் சேர்ந்து ஷ்வான்க்மாயர் தொடங்கிய ‘அத்தனோர்’ நிறுவனம் பிராக் நகருக்கு அருகிலுள்ள க்னோவீஸ் என்ற சிற்றூரில் இயங்குகிறது. இரசவாதிகளின் உலைக்கு வழங்கிய பெயரையே தங்கள் நிறுவனத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

மனிதரும் பொம்மையும் சேரும் இடத்தில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது. நடிகை இயல்பான வேகத்தில் நடிக்கிறார். பொம்மையோ சட்டகத்துக்குச் சட்டகம் நிறுத்தி நிறுத்தி எடுக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் படமாக்க இயலாது. இதற்குப் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. சட்டகத்துக்கு வெளியே இருந்து கம்பியாலோ கயிற்றாலோ பொம்மையை நேரடியாக அசைப்பது ஒன்று. நடிகரையும் பொம்மையைப் போலவே சட்டகம் சட்டகமாக அசையாமல் நிற்க வைத்து எடுப்பது இன்னொன்று. மூன்றாவது வழி படத்தொகுப்பு. பொஷெனா கட்டையை ஏந்தியிருக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அவள் முகம் ஒரு துண்டு. திறக்கும் வாயின் மிக நெருக்கமான காட்சி ஒரு துண்டு. துணிக்குள் உதைக்கும் வேர்க்கால் ஒரு துண்டு. இவற்றை இணைப்பது ஒலி. ஒரு கைக்குழந்தையின் அழுகை துண்டுக்குத் துண்டு அறுபடாமல் தொடர்வதால், நம் மனம் தானாகவே அவற்றை ஒரே உடலாகத் தைத்துக்கொள்கிறது.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி. மரமாகத் தெரிவதைக் குறை என்று சொல்ல நான் உடன்படவில்லை. மரமாகத் தெரியாவிட்டால் இந்தப் படமே இல்லை. கணினியில் உருவாக்கிய ஒரு வழவழப்பான குழந்தை, அரை மரமும் அரைத் தசையுமாக, அங்கே இருந்திருந்தால் நாம் அதைப் பூதம் என்று ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிடுவோம். ஷ்வான்க்மாயரின் கேமரா பட்டையின் வெடிப்புகளை, வெட்டுப்பட்ட இடத்தின் வெளுப்பை, முடிச்சுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டுகிறது. அந்தச் சொரசொரப்பை நாம் தோலால் உணர்கிறோம். 1970களில் படம் எடுக்கவிடாமல் அரசு அவரைத் தடுத்து வைத்திருந்த ஆண்டுகளில், தொட்டு உணர்வதைப் பற்றியே தொடர்ந்து சோதனைகள் செய்து பொருள்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்த படங்களில் கண்ணுக்கு இருக்கும் வேலையைவிட விரல்நுனிக்கு இருக்கும் வேலை அதிகம் என்று சொல்லலாம்.

படத்தில் மூன்றாவதாக ஓர் அடுக்கும் உண்டு. பக்கத்து வீட்டுச் சிறுமி அல்ஜ்பியெட்கா எர்பெனின் கதைப் புத்தகத்தைப் படிக்கும்போது, அந்தப் பக்கங்கள் வண்ண ஓவியங்களாக அசைகின்றன. அந்த ஓவியங்கள் ஷ்வான்க்மாயரின் மனைவியும் ஓவியருமான ஏவா ஷ்வான்க்மாயரோவாவின் கைவண்ணம். நாட்டுப்புறக் கலையின் வெகுளித்தனம் அவற்றில் குலையாமல் இருப்பதால், அடுத்த காட்சியில் வரும் நிஜக் கட்டை இன்னும் அதிகமாக அச்சுறுத்துகிறது.

கேள்வி: செக் படங்களில் மட்டும் ஏன் இத்தனை பொம்மைகள்? பக்கத்து நாடுகளில் இந்த அளவுக்குக் காணோமே!
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுச்சேரி

பதில்: பக்கத்து நாடுகளிலும் பொம்மலாட்டம் இருந்தது. ஆனால் செக் மக்களுக்குப் பொம்மலாட்டம் அவர்களுடைய மொழியின் வரலாற்றோடு பிணைந்துவிட்டது. செக் மக்களின் நிலமான பொஹீமியா, வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் கீழ் இருந்த நூற்றாண்டுகளில், ஆட்சியிலும் உயர்கல்வியிலும் நகர நாடக மேடைகளிலும் ஜெர்மன் மொழியே ஓங்கி நின்றது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வண்டியில் பொம்மைகளை ஏற்றிச் சென்று, கிராமத்து மக்களுக்குச் செக் மொழியில் நாடகம் காட்டியவர்கள் பொம்மலாட்டக் குடும்பங்கள். அவர்களில் மத்யேய் கொபெட்ஸ்கி (1775–1847) என்பவரின் பெயர் இன்றும் மதிப்போடு நினைக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மொழி மறுமலர்ச்சிக் காலத்தில், பொம்மலாட்டக்காரர் மொழியைக் காத்தவர் என்ற இடத்தைப் பெற்றுவிட்டார்.

அவர்களுடைய மரபான மரப்பாவைக்குத் தலையில் ஒரு கெட்டியான கம்பி இருக்கும், கைகால்களுக்குக் கயிறு. நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் கலைஞர் தம் தலையில் மாட்டிய வளையத்திலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, கைகளைக் கம்பியால் இயக்குவார். அங்கே அது தலைகீழாக இருக்கிறது. தலைக்கம்பி இருப்பதால் செக் பாவையின் நடை சற்றே விறைப்பாக, அழுத்தமாக இருக்கும். ஷ்வான்க்மாயரின் படங்களில் மனிதர்கள் நடப்பதில்கூட அந்த விறைப்பு வந்து ஒட்டிக்கொள்வதைக் கவனிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் பொம்மலாட்டம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நடுத்தரக் குடும்பங்கள் குழந்தைகளுக்குச் சிறிய பொம்மை மேடைகளைப் பரிசாக வாங்கிக் கொடுத்தன. 1934இல் பிறந்த ஷ்வான்க்மாயருக்கும் சிறுவயதில் கிறிஸ்துமஸ் பரிசாக அப்படி ஒரு மேடை கிடைத்தது. பில்சன் நகரில் யோசெஃப் ஸ்குபா (1892–1957) 1920இல் ஸ்பெய்பல் என்ற பாத்திரத்தையும், சில ஆண்டுகளில் அவன் மகன் ஹுர்வீனெக்கையும் மேடையேற்றினார். அந்த அப்பாவும் பிள்ளையும் இன்றும் பிராகில் தங்கள் பெயரிலேயே உள்ள அரங்கில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். பொம்மலாட்டக் கலைஞர்களின் உலக அமைப்பான யூனிமா 1929இல் தொடங்கப்பட்டதும் பிராகில்தான். 1952இல் அங்குள்ள நிகழ்த்துகலைக் கல்லூரியில் பொம்மலாட்டத்துக்கென்றே ஒரு துறை உருவானது. ஷ்வான்க்மாயர் அந்தத் துறையில் படித்து வெளிவந்தவர். செக், ஸ்லோவாக்கிய நாடுகளின் பொம்மலாட்டத்தை 2016இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஒரு செக் இயக்குநர் பொம்மையைக் கேமராவின் முன் கொண்டுவரும்போது, அவர் ஒரு தந்திரக் காட்சியைத் தேடிப் போவதில்லை. தம் வீட்டில் வளர்ந்த ஒரு நடிகரை அழைத்துவருகிறார்.

கேள்வி: உயிருள்ள நடிகரையும் பொம்மையையும் முதலில் இணைத்தவர் செக் பொம்மைப் பட இயக்குநர் யிர்ஜி ட்ருன்காதானா?
– திரைப்படச் சங்க உறுப்பினர், திருநெல்வேலி

பதில்: இல்லை. ட்ருன்காவுக்கு முன்பே, ஸ்லின் நகரத்தில் இந்த முயற்சி நடந்துவிட்டது. அங்கே பாட்டா காலணி நிறுவனம் தன் விளம்பரப் படங்களுக்காக 1930களில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தைக் கட்டியிருந்தது. உலகம் வியந்த செக் பொம்மைப் படங்களில் ஒரு பெரும் பகுதி, செருப்பு விற்பதற்காகக் கட்டிய அந்தக் கூடத்திலிருந்து வந்தது.

அங்கே காரெல் ஸெமான், பொர்ஷிவோய் ஸெமானுடன் சேர்ந்து 1945இல் எடுத்த ‘கிறிஸ்துமஸ் கனவு’ என்ற குறும்படத்தில், புதிய பரிசுகளைக் கண்டதும் பழைய துணிப்பொம்மையைத் தூக்கி எறிந்துவிடும் ஒரு சிறுமி வருகிறாள். அவள் கனவில் அந்தப் பொம்மை எழுந்து ஆடுகிறது. மறு ஆண்டு பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. அதே காலத்தில் ஹெர்மீனா டீர்லோவா (1900–1993) ‘பொம்மைகளின் கலகம்’ என்ற படத்தை எடுத்தார். பொம்மை செய்யும் ஒருவரின் பட்டறைக்குள் நாஜி ஜெர்மனியின் இரகசியப் போலீசான கெஸ்டாப்போவின் அதிகாரி ஒருவன் நுழைகிறான்; பட்டறைக்காரர் தப்பிவிடுகிறார்; அலமாரியில் இருந்த பொம்மைகள் ஒன்றுதிரண்டு அதிகாரியைத் துரத்தி அடிக்கின்றன. அதிகாரி உயிருள்ள நடிகர், பொம்மைகள் வெறும் மரம். நாஜி ஆக்கிரமிப்பு முடிந்த சூட்டோடு வந்த படம் என்பதால், சிறியவை ஒன்றுசேர்ந்து பெரியவனை விரட்டும் அந்தக் காட்சி செக் பார்வையாளர்களுக்கு எவ்வளவு அர்த்தம் உள்ளதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ட்ருன்கா (1912–1969) பில்சனில் பள்ளியில் படித்தபோது அவருக்கு ஓவிய ஆசிரியராக வாய்த்தவர், மேலே குறிப்பிட்ட ஸ்குபா. ட்ருன்காவின் பொம்மைகளுக்கு முகத்தில் ஒரே ஒரு பாவனைதான் தீட்டப்பட்டிருக்கும். வாய் அசையாது, புருவம் நெளியாது. விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, தலை எவ்வளவு சாய்கிறது என்பதைக் கொண்டே அந்த முகத்தில் துயரமும் மகிழ்ச்சியும் மாறி மாறித் தெரியும்படி செய்தார். ஆண்டர்சனின் கதையை வைத்து 1940களின் இறுதியில் அவர் எடுத்த ‘பேரரசரின் குயில்’ படத்தில், தனிமையில் வாடும் ஒரு பணக்கார வீட்டுச் சிறுவன் நிஜ நடிகனாக வருகிறான். அவன் காணும் கனவுதான் பொம்மைகளாலான சீன அரண்மனை.

ஆனால் என்னைக் கேட்டால், மனிதரையும் பொம்மையையும் இணைத்ததில் ட்ருன்காவின் சிகரம் 1965இல் வந்த ‘கை’ என்ற பதினெட்டு நிமிடப் படம்தான். ஒரு சிறு அறையில் ஒரு பொம்மைக் குயவன் தன் பூச்செடிக்காகத் தொட்டி வனைந்துகொண்டிருக்கிறான். கதவைத் திறந்துகொண்டு ஒரு கை உள்ளே வருகிறது. உண்மையான மனிதக் கை. அந்த அறைக்கும் அந்தப் பொம்மைக்கும் முன்னால் பூதாகாரமானது. தொட்டியை விட்டுவிட்டுத் தன் சிலையைச் செய்யும்படி கட்டளையிடுகிறது. மறுத்தால் கெஞ்சுகிறது, பரிசு தருகிறது, மிரட்டுகிறது, கூண்டில் அடைக்கிறது. எந்த வசனமும் இல்லை. பொம்மையை இயக்குவது கைதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மையையே அதிகாரத்தின் உருவமாக ஆக்கிவிட்டார் ட்ருன்கா. அவர் மறைந்த பிறகு அன்றைய அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது.

அந்த மரபின் அடுத்த பெரிய அடி ஷ்வான்க்மாயருடையது. 1988இல் வந்த அவருடைய ‘ஆலிஸ்’ படத்தில் கதாநாயகி நிஜச் சிறுமி. அவள் உருவம் சிறுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு பீங்கான் பொம்மையாகிவிடுகிறாள். வளர்ந்ததும் மறுபடி சிறுமி. உடல் சுருங்குவதைக் காட்ட இதைவிட எளிமையான, இதைவிடத் துணிச்சலான வழி இருக்க முடியாது.

கேள்வி: ‘ஒட்டெசானெக்’ படத்தில் எல்லாரும் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கொழகொழவென்ற அந்தச் சூப்பைப் பார்த்து எனக்குக் குமட்டிவிட்டது. இது அவசியமா?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: குமட்ட வேண்டும் என்றே எடுத்திருக்கிறார். கட்டைக் குழந்தையின் பசி மட்டும்தான் கொடியது, மற்றவர்கள் பசி நாகரிகமானது என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு அவர் இடம் தரவில்லை. அல்ஜ்பியெட்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கரண்டி, வாய், தட்டு ஆகியவற்றை அவர் எடுத்திருக்கும் கோணமும், கட்டையின் வாயை எடுத்திருக்கும் கோணமும் ஒன்றே. 1992இல் ‘உணவு’ என்ற பெயரிலேயே அவர் ஒரு குறும்படம் எடுத்தார். காலை, மதியம், இரவு என்ற மூன்று பகுதிகளில் மனிதர்கள் கடைசியில் தங்களையே தின்னும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு இந்தப் படத்தைப் பார்க்க உட்கார வேண்டாம் என்பதே உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை ஆலோசனை.

கேள்வி: கிழவி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்குவதோடு படம் முடிந்துவிடுகிறது. விழுங்கப்பட்டவர்கள் வெளியே வருவதைக் காட்டவே இல்லை. பாதியில் நிறுத்தியது போல இருக்கிறது.
– வங்கி ஊழியர், மதுரை

பதில்: அந்த இடத்தில் நிறுத்தியதைத்தான் இயக்குநர் எடுத்த மிகச் சிறந்த தீர்மானங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். காரணத்தைச் சற்று விளக்க வேண்டும்.

படத்தின் முதல் பாதி பொஷெனாவின் கதை. பிள்ளை மனிதர்களைத் தின்னத் தொடங்கிய பிறகு, பெற்றோர் அதை ஒரு பெட்டியில் போட்டு நிலவறையில் பூட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து கதை சிறுமி அல்ஜ்பியெட்காவின் கைக்கு மாறுகிறது. எர்பெனின் புத்தகத்தைப் படித்திருப்பதால், கட்டடத்தில் என்ன நடக்கிறது என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கும் விளையாட ஒரு தோழன் இல்லை. நிலவறைக்குப் போய்க் கட்டையோடு பேசுகிறாள், அதற்குச் சாப்பாடு தேடுகிறாள். வீட்டிலிருந்து எடுத்துவரும் உணவு போதாமல் போகும்போது, குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு தீக்குச்சி என்று வைத்துச் சீட்டுக் குலுக்குவதுபோல் உருவி, அடுத்து யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கிறாள். இந்தக் கொடூரத்தைக் கிறிஸ்டினா அடம்ட்சோவா என்ற அந்தச் சிறுமி, வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளையின் முகத்தோடு நடித்திருக்கிறார்.

ஆகவே கதை எப்படி முடியும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். முட்டைக்கோஸ் பாத்தியை மட்டும் தொடாதே என்று எச்சரிக்கிறாள். பசி அதைக் கேட்பதில்லை. கட்டடத்தின் காவலாளியான கிழவி களைக்கொத்தோடு புறப்படும்போது சிறுமி அழுதபடியே கதையின் முடிவை ஒப்பிக்கிறாள். வயிறு கிழியும் என்பதும், தின்னப்பட்டவர்கள் வெளியே வருவார்கள் என்பதும் கதைப் புத்தகம் கொடுக்கும் வாக்கு. அதைத் திரையில் காட்டியிருந்தால், இரண்டு மணி நேரமாக நாம் கண்ட சாவுகள் எல்லாம் ஒரு விளையாட்டு என்று ஆகியிருக்கும். காட்டாமல் விட்டதனால், புத்தகத்தின் வாக்கு அந்தக் கட்டடத்தில் நிறைவேறுமா என்ற கேள்வி நம்மிடமே தங்கிவிடுகிறது. அதோடு, எர்பெனின் கதையில் கட்டை செத்தால் யாரும் அழுவதில்லை. படத்தில் அழுவதற்கு ஒருத்தி இருக்கிறாள். நூற்றாண்டு கடந்த ஒரு கதையில் ஓர் இயக்குநர் சேர்த்த பொருள் என்று எதையாவது சுட்ட வேண்டுமென்றால், அந்த அழுகையைத்தான் சுட்டுவேன். செக் நாட்டின் உயரிய திரைப்பட விருதான ‘செக் சிங்கம்’, 2001ஆம் ஆண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, பொம்மைகள் என்றால் உயிர். ‘ஒட்டெசானெக்’ தேவதைக் கதைதானே, அவளுக்குக் காட்டலாமா?
– தாய் ஒருவர், சென்னை

பதில்: தயவுசெய்து காட்ட வேண்டாம். இரத்தமும் விழுங்குதலும் ஒருபுறம் இருக்க, அந்தக் கட்டடத்தில் வசிக்கும் ஒரு முதியவர் சிறுமியைத் தவறான எண்ணத்தோடு பின்தொடரும் காட்சிகள் இருக்கின்றன. இயக்குநர் அவற்றைப் பொறுப்போடுதான் கையாண்டிருக்கிறார். ஆயினும் அவை பெரியவர்களுக்கானவை. எர்பெனின் கதையை நீங்களே வாயால் சொல்லுங்கள். தின்றவற்றின் பட்டியலை அவளை ஒப்பிக்கச் சொல்லுங்கள். மேலே அதற்காகவே சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

படமாகக் காட்ட விரும்பினால், யான் ஸ்வியெராக் 2010இல் எடுத்த ‘குக்கி திரும்பி வருகிறான்’ என்ற செக் படத்தைத் தேடுங்கள். ஆஸ்துமா உள்ள ஒரு சிறுவனின் அழுக்கேறிய இளஞ்சிவப்புக் கரடிப் பொம்மையை, தூசி ஆகாது என்பதால் அவன் அம்மா குப்பையில் போட்டுவிடுகிறாள். பொம்மை குப்பைமேட்டிலிருந்து தப்பி, காட்டு வழியாக வீட்டை நோக்கிப் புறப்படுகிறது. சிறுவனும் அவன் குடும்பமும் நிஜ நடிகர்கள். காட்டில் வருபவை கயிற்றாலும் கம்பியாலும் நேரடியாக இயக்கப்பட்ட பாவைகள். அவற்றைச் செட்டுக்குள் வைத்து எடுக்காமல், உண்மையான காட்டில், உண்மையான சேற்றிலும் சருகிலும் இறக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள். கயிறுகளைப் பிறகு கணினியில் அழித்தார்கள். ஒரு சிறிய கரடியின் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு காளானும் ஒரு நீரோடையும் எவ்வளவு பெரியவை என்பதை உங்கள் மகள் நிச்சயம் ரசிப்பாள்.

அவளுக்குப் பொறுமை இருக்கிறது என்று தோன்றினால், அதற்கு அடுத்ததாக ட்ருன்காவின் ‘பேரரசரின் குயில்’ படத்தைக் காட்டலாம். செக் மூலத்தில் பேச்சு மிகக் குறைவு. 1951இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பில் நடிகர் போரிஸ் கார்லாஃப் ஆங்கிலத்தில் கதை சொல்வார். மொழி புரியவில்லையே என்று தயங்காமல் மூலத்தையே தேர்ந்தெடுங்கள். இடையிடையே என்ன நடக்கிறது என்பதை நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தால் போதும்.